எட்டாம் நாள் வந்த பிளவுஸ்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். முப்பது வருடம் உறிஞ்சியது போக ஓய்வு பெற்றவளிடம் இன்னும் கொஞ்சம் ஊக்கம் மிச்சமிருக்கும் என்று நம்புகிற நிர்வாகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எழுதியிருக்கிறேன். அச்சில் வருமா என்பது அவர்கள் பாடு.

டிசைனர் பெயர் உரிமப் பிரிவில் உங்களைப் போட்டிருக்கிறார்கள். பெரிய டிசைனர்களோடு நெருங்கி வேலை செய்யலாம் என்று நேர்காணலில் சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை. அவர்களுடைய பெயரோடு நீங்கள் மிகவும் நெருங்கி வேலை செய்வீர்கள். ஆளைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் மேக்கப் அறை வாசலில்.

தொழில் இவ்வளவுதான். பெயர் பெற்ற ஒருவர் தன் பெயரை நமக்கு வாடகைக்குத் தருகிறார். எங்கோ ஒரு ஆலையில் துணி தைக்கிறார்கள். அந்தப் பெயரை லேபிளில் போட்டு நாம் தொலைக்காட்சியில் விற்கிறோம். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்டால், நான்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரைத் தூக்கத்தில். டிசைனருக்கு மூன்று வேலைகள் உண்டு: புகைப்படத்துக்கு நிற்பது, வருடத்துக்கு ஒரு நேரலையில் வந்து சிரிப்பது, நாம் அனுப்பும் சாம்பிளோடு கட்டியிருக்கும் ஒப்புதல் அட்டையில் கையெழுத்துப் போடுவது. கையெழுத்தானதும் அந்த சாம்பிளைப் பையில் போட்டு முத்திரை வைப்போம். பிறகு ஆயிரக்கணக்கில் தைப்பதெல்லாம் அதே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி.

மும்பையிலிருந்து ஒருவர் வருவார். பெயர் வேண்டாம். அவர் நேரலைக்கு வந்த அன்று நம் ஆட்கள் வேறொரு டிசைனரின் குர்த்திகளை அவருடைய ஸ்டாண்டில் தொங்கவிட்டுவிட்டார்கள். நான் கன்ட்ரோல் ரூமில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு குர்த்தியை எடுத்துத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடினார். இதன் கழுத்துப் பூவேலைக்காக மூன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னார். தொலைபேசி வரிசைகள் நிரம்பி வழிந்தன. அன்று நான் கற்ற பாடம்: துணியைப் பார்க்காத டிசைனரால் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

துணியைப் பார்க்கிற டிசைனர் ஒருத்தியோடு நான் பட்டதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் என் தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், என்னிடம் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். கோபப்படவே மாட்டார். எந்தத் தப்பான காரியத்தையும் இளநீர் குடிக்கிற முகத்தோடு செய்யச் சொல்லுவார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. சாம்பிள் அனுப்பிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் டிசைனரிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். நான் சேர்ந்த புதிதில், பதில் வராத டிசைனர்களுக்கெல்லாம் விடாமல் போன் செய்து நினைவூட்டிக்கொண்டிருந்தேன். சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ எதுக்கு அவரை எழுப்புற? உறங்கட்டே," என்றார்.

"பதில் வரலியே சார்."

"மறுபடி வந்நில்லெங்கில் சம்மதம். சம்மதம்னா நமக்கு வேலை எளுப்பம். மனசிலாயோ?"

மலையாளத்தில் மறுபடி என்றால் பதில். மனசிலாயிற்று. நான் நல்ல மாணவி. சார் சொன்னதற்கு மேல் ஒரு படி ஏறினேன். தொல்லை தருகிற டிசைனர் என்றால் சாம்பிளை எப்போது அனுப்ப வேண்டும் என்று நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓணத்துக்கு முந்தைய நாள் அருமையான நாள். அதைவிட அருமையானது பொங்காலைக்கு இரண்டு நாள் முன்பு. இந்த நகரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மனுக்குப் பொங்கலிடும் பெண்கள் தம்பானூர் வரைக்கும் சாலை ஓரமெல்லாம் செங்கல் அடுக்கி அடுப்பு வைத்துவிடுவார்கள். கூரியர்க்காரனும் வர மாட்டான், காக்காவும் பறக்காது. ஏழு நாளில் மூன்று நாள் தானாகக் கரைந்துவிடும். இந்த உத்தியைக் கண்டுபிடித்ததற்காக ஒரு வருடம் எனக்குச் சிறந்த ஊழியர் கேடயம்கூடத் தந்தார்கள். காரணத்தை மட்டும் கேடயத்தில் பொறிக்கவில்லை.

இனி தாணம்மாள். ஸ்ரீவராகம் பக்கத்துத் தெரு ஒன்றில் தையல்கடை வைத்திருந்தாள். நாலு மெஷின், நாலு பெண்கள், வாசலில் நீல எழுத்தில் பெயர்ப்பலகை. எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரிதான், சுசீந்திரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, புருஷன் போன பிறகு தையலில் உட்கார்ந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னைப் பிள்ளே என்பாள்.

ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகிக்கு அவள் தைத்த பிளவுஸ் ஊரெல்லாம் பேச்சானது. கடைகளில் போய் "தாணம்மாள் பிளவுஸ் இருக்கா" என்று பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் அவளுடைய வாடிக்கைக்காரிகள் அந்த நடிகையைப் போல இருப்பவர்கள் இல்லை. பிரசவமானவர்கள், தைராய்டுக்காரிகள், ரெடிமேட் கடையில் "உங்க சைஸ் இல்ல சேச்சி" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். தாணம்மாள் ஒவ்வொரு பிளவுஸிலும் இரண்டு பக்கமும் உள்ளே நன்றாகத் துணி விட்டுத் தைப்பாள். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு முன் தைத்ததை நாலாவது முறையாகப் பிரித்துக்கொண்டு போகிறவர்களை நான் அந்தக் கடையில் பார்த்திருக்கிறேன்.

அவளை வளைத்துப் பிடித்தது நான். மூன்று முறை போய்ப் பேசினேன். கையெழுத்துப் போடும் நிமிடம் வரை அவள் தையல்காரி, போட்ட நிமிடத்திலிருந்து டிசைனர். மார்க்கெட்டிங்கில் ஒரு பையன் தாணம்மாள் என்ற பெயர் ஊறுகாய் மாதிரி இருக்கிறது, தாணு என்று வெட்டிக்கொள்ளலாம் என்றான்.

"முழுசாப் போடுங்க, இல்லெங்கி வேண்டாம்," என்றாள் அவள். "பேரைக் கத்தரிச்சுப் போடுகதுக்கு இது என்ன துணியா?"

முழுதாகவே போட்டோம். ஐந்து வருட ஒப்பந்தம். அதில் ஒரு பிரிவு: டிசைனர் நம் பொருளைப் பொதுவில் குறைவாகப் பேசினால், மீதிக் காலம் முழுக்க அந்தப் பெயர் நமக்கு மட்டுமே உரியது, அவர் தன் கடைக்குக்கூட அதைப் பயன்படுத்த முடியாது. நாமே ஒப்பந்தத்தை மீறி, அவர் வேண்டாம் என்று சொன்ன பொருளை விற்றால், பெயர் அவருக்குத் திரும்பிவிடும். இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டினேன். வேகமாக. அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"உள்ள துணி விடுவியள்ளா பிள்ளே?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் அக்கா," என்றேன்.

பார்த்துக்கொண்டோம். சித்திரை விஷுவுக்கு முதல் தொகுதி வெளிவர வேண்டும். ஆலைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். உள்ளே விடும் துணியை எடுத்துவிட்டால் அதே துணியில் கணிசமாகக் கூடுதல் பிளவுஸ் வெட்டலாம். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார். திரையில் யாரும் பிளவுஸின் உள்பக்கத்தைக் காட்டப்போவதில்லை. நான் சரி என்றேன். சார் சொல்லவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் சரி என்றேன். இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், பின்னால் நானே மறந்துவிடக்கூடாது பாருங்கள்.

சாம்பிள் தயாரானதும் நாள்காட்டியைப் பார்த்தேன். புதன்கிழமை பொங்காலை. திங்கள் மாலை கூரியரில் சேர்த்து ரசீது வாங்கினேன். தாணம்மாளின் கடைக்கு ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

வெள்ளிக்கிழமைதான் அவள் கையில் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு இரண்டு முறை என் போனில் அவள் பெயர் வந்தது. எடுக்கவில்லை. கூட்டத்தில் இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பினேன். எந்தக் கூட்டமும் இல்லை, அவியலில் முருங்கைக்காய் இல்லை என்று கேன்டீன்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது. செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அட்டையில் 'ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, ஆலைக்கு வெட்டச் சொல்லிவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பார்சல் வந்தது. பிரித்தேன். எங்கள் பிளவுஸ், உள்பக்கம் வெளியே திருப்பப்பட்டிருந்தது. இரண்டு பக்கத் தையல் ஓரத்திலும் சிவப்பு நூலால் பெருக்கல் குறி போட்டிருந்தாள். ஒப்புதல் அட்டையில் எழுதியிருந்தது: 'இது ஆவாது. உள்ள துணி இல்ல. வேண்டாம்.' கீழே கையெழுத்து, தாணம்மாள் என்று தமிழில், முழுதாக.

ஆலைக்குப் போன் செய்தேன். முதல் அடுக்குத் துணி வெட்டியாயிற்று, இப்போது நிறுத்தினால் விஷுவை மறந்துவிடுங்கள் என்றார்கள். முதல் அடுக்குதான். நிறுத்தியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "தொடருங்க," என்று சொல்லிவிட்டு, பார்சலை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். படம் போட்டு அம்புக்குறியெல்லாம் காட்டுவார்கள். என் அனுபவத்தில், நெருக்கடி வரும்போது அது நெருக்கடி மாதிரியே இருக்காது. போனில் ஒருவர் என்ன செய்யட்டும் என்று கேட்பார். நமக்குப் பசிக்கும்.

விஷு சிறப்பு நேரலை வந்தது. தாணம்மாளுக்குப் பட்டுச் சேலை கட்டி, கனிக்கொன்றைப் பூவுக்கு நடுவில் உட்காரவைத்திருந்தோம். அவள் திருப்பி அனுப்பியதைச் சரிசெய்து வேறு மாதிரி தைத்திருப்போம் என்று நம்பித்தான் வந்தாள். கேட்டபோது, "எல்லாம் நல்லா வந்திருக்கு அக்கா," என்று சொன்னவள் நான். பிளவுஸ்கள் எல்லாம் பொம்மைகள் மேல் ஊசி குத்தி நிற்க வேண்டும், எதையும் அவள் கையில் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். தொகுப்பாளினி நீது நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். அந்த மரியாதைதான் வினையாயிற்று. டிசைனர் தன் படைப்பைத் தானே காட்டட்டும் என்று சொல்லி ஒரு பிளவுஸை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டாள்.

தையல் தெரிந்தவர் கையில் துணி கிடைத்தால் முதலில் என்ன செய்வார்கள்? தாணம்மாள் அதை உள்பக்கம் திருப்பினாள்.

கன்ட்ரோல் ரூமில் நானும் சாரும் இருந்தோம். நீதுவின் காதில் பேசும் மைக் என் முன்னால் இருந்தது. "அவ கையிலிருந்து வாங்கு," என்றேன். நீது சிரித்தபடி கையை நீட்டினாள். தாணம்மாள் விடவில்லை. கொஞ்ச நேரம் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அப்போது தமிழ்தான் வந்தது.

"இது நான் தைச்சதில்ல. நான் தைச்சிருந்தா உள்ள துணி இருக்கும். இது ஆவாதுன்னு நான் திருப்பி அனுப்பினதாக்கும். நாப்பத்திரண்டு சைஸ்னு எழுதியிருக்கு, போட்டுப் பாத்தா மூச்சு முட்டும். வாங்கினவங்க ஆராவது இருந்தா எங்கிட்ட வாங்க, அக்குள்ல ஒட்டுத்துணி வச்சுத் தாரேன்."

சார் விளம்பரத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். தரையில் விழுந்த பேனாவை எடுக்கிற சாக்கில் நான் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும். அழைப்புகள் கொட்டின. ரத்து செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோம். வாங்கத்தான் கூப்பிட்டார்கள். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவளின் பிளவுஸ் நன்றாகத்தான் இருக்கும் என்றாளாம் கொல்லத்திலிருந்து ஒருத்தி. தாணம்மாள் சொன்ன ஒரு சொல்லும் யார் காதிலும் ஏறவில்லை, அவள் முகம் மட்டும் ஏறியிருக்கிறது. மாலைக்குள் நாற்பத்திரண்டும் நாற்பத்துநான்கும் தீர்ந்துவிட்டன. சார் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

சரக்கு தீர்ந்ததே, விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். பெயர் அவ்வளவு விற்கிறது என்று தெரிந்த பிறகு யாராவது விடுவார்களா? பொருளைப் பொதுவில் குறைத்துப் பேசியதற்காக அந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று எர்ணாகுளத்திலிருந்து வக்கீல் வந்தார். அடுத்த வாரம் தாணம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவள், வக்கீல், சார், நான். மேசை மேல் தேநீரும் பிஸ்கட்டும். அவள் எதையும் தொடவில்லை.

"நான் வேண்டாம்னு எழுதி அனுப்பினேனே," என்றாள். "போனும் பண்ணினேன். சனிக்கிழமை ஆட்டோ பிடிச்சு நேர்லயும் வந்தேன். பாஸ் இல்லாம விடமாட்டோம், கூரியர்ல அனுப்புங்கன்னு கேட்டுல நிக்கவரு சொன்னாரு. அதுனாலதான் கூரியர்ல போட்டேன்."

நேரில் வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் வாசலிலிருந்தே எங்களுக்குக் கூரியர் அனுப்பியிருக்கிறாள்.

வக்கீல் குரலை உயர்த்தவில்லை. போனும் நேரில் வந்ததும் எழுத்து ஆகாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே சோத்யம். சாம்பிள் அயச்சு எத்ராமத்தெ திவசமாணு மறுபடி கிட்டியது?" பதில் எத்தனாவது நாள் வந்தது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுக்குள் என்றால் தவறு நிறுவனத்துடையது, பெயர் அவளுக்கு. ஏழைத் தாண்டினால் பெயர் எங்களுக்கு. நான் சொல்லியிருக்க வேண்டியது இது: பதில் எட்டாம் நாள் வந்தது, ஏனென்றால் பொங்காலை பார்த்து அனுப்பியது நான், அவள் கையில் அது கிடைத்ததே நாலாம் நாள், கிடைத்த அன்றே என்னைக் கூப்பிட்டாள், நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை, பதில் வந்தபோது ஒரே ஒரு அடுக்குதான் வெட்டியிருந்தது, தொடரச் சொன்னது நான்.

"எட்டாவது நாள்," என்றேன்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ரசீது இருந்தது, கவரில் முத்திரை இருந்தது. சார் மெல்லத் தலையசைத்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஓய்வுக்கு நாலைந்து வருடம் இருந்தது, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

தாணம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். துடைத்த பிறகு நான் வேறு மாதிரி தெரிவேன் என்று நினைத்திருக்கலாம்.

பலகையை இறக்கச் சொல்லும் கடிதத்தை அவளிடம் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஊர்க்காரி, மொழி தெரிந்தவள், பக்குவமாகச் சொல்வாள் என்று சார் என்னையே அனுப்பினார். கடையில் எங்கள் பிளவுஸை வாங்கிய பெண்கள் பார்சலோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒட்டுத்துணி வைக்க வந்தவர்கள். நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கடிதத்தை வாங்கி நிதானமாக வாசித்தாள்.

"பலகையில போடக்கூடாது, பில்லுல போடக்கூடாது," என்றாள். "செரி. ஒருத்தி வந்து தாணம்மான்னு கூப்பிட்டா ஏன்னு கேக்கலாமா பிள்ளே? அதுக்கும் இதுல ஏதாவது உண்டா?"

"அக்கா..." என்றேன்.

"ஒப்பந்தத்த வாசிச்சவ நீதானே. அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்ற பெண்ணிடமிருந்து பிளவுஸை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே நீல எழுத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். கடை பெயரில்லாமல் நடந்தது. மீதி நாலு வருடமும் எங்கள் திரையில் தாணம்மாள் தொகுதி வந்துகொண்டே இருந்தது: ஓணத்துக்குத் தாணம்மாள், கிறிஸ்துமஸுக்குத் தாணம்மாள், கடைசியில் தலையணை உறைகூடத் தாணம்மாள். எதிலும் உள்ளே துணி கிடையாது. வாங்கினவர்கள் ஒரு முறை ஏமாந்தார்கள், பலர் இரண்டு முறை. பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்து பெயர் அவளுக்குத் திரும்பிய மாதம் நான் ஸ்ரீவராகம் பக்கம் போனேன். இறங்கிப் பேசத் துணிச்சல் இல்லை, ஆட்டோவில் இருந்தபடியே பார்த்தேன். பலகை வெள்ளையாகவே இருந்தது. எனக்குத் தைக்கும் பெண் ஒருத்தி அங்கே வேலை செய்தவள், அவளிடம் விசாரித்தேன். இனி பெயரை எழுதலாமே என்று கடைப் பெண்களும் சொல்லிப் பார்த்தார்களாம்.

"வேண்டாம்டி, அந்தப் பேரப் போட்டா அந்த பிளவுஸ்காரின்னு வந்தவளும் போயிருவா," என்றாளாம் தாணம்மாள்.

பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது, சொல்ல மறந்துவிட்டேன். அதோடு ஒரு பொறுப்பும் வந்தது. தாணம்மாள் தொகுதிக்கும் ஒப்புதல் அட்டையில் டிசைனர் கையெழுத்து வேண்டும். டிசைனர் இல்லை, பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது. எனவே நிறுவனத்தின் சார்பில் அதிகாரம் பெற்ற ஒருவர் அந்தப் பெயரிலேயே கையெழுத்திடலாம் என்று வக்கீல் ஒரு தாள் தந்தார். அந்த அதிகாரம் பெற்றவர் நான். ஒப்பந்தத்தில் அவள் போட்டிருந்ததைப் பார்த்து ஒரு மதியம் முழுக்கப் பழகினேன். ளகரத்தின் வாலை அவள் கொஞ்சம் இழுத்துவிடுவாள், அது வரத்தான் நேரமாயிற்று. பிறகு நாலு வருடம், நாளுக்கு இருபது முப்பது அட்டை, சாம்பிளின் உள்பக்கத்தைப் பார்க்காமல், தாணம்மாள் தாணம்மாள் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் தன் கடைப் பில்லில் போட முடியாத பெயர் அது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். அலமாரிக்குள் பூட்டிவைத்த பார்சல் இருந்தால் இன்றைக்கே திறந்து மேசை மேல் வையுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தெரியும்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஓய்வூதியப் படிவம் கொடுக்க வங்கிக்குப் போனேன். வரிசையில் நின்று, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்த பெண் படிவத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒப்பு சேருந்நில்லல்லோ மேடம்," என்றாள். கையெழுத்து பொருந்தவில்லையாம். "இது ஆருடேயா?"

வாங்கிப் பார்த்தேன். ளகரத்தின் வால் நன்றாக இழுபட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவருடையது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வேறொரு படிவத்தைத் தந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியும், என் சொந்தப் பெயரை எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.